அய்யாவு பெயர் ஒட்டிய பாட்டில்

பஞ்சநாதனுக்கு அந்தப் பழைய எண்ணூறு சிசி கார் லிட்டருக்கு இருபத்தாறு கிலோமீட்டர் கொடுத்தாக வேண்டும். பதினெட்டு வருஷம் ஓடித் தேய்ந்த வண்டி. கனம் குறைய வேண்டுமென்று பின்சீட்டைக் கழற்றி மாட்டுக் கொட்டகையில் போட்டான். ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் இறக்கி வைத்தான். கல்லணைக் கால்வாய்ப் பாலத்தில் ஏறியதும் இன்ஜினை அணைத்துவிட்டு, மறுபக்கம் உருட்டிக்கொண்டே இறங்குவான். எதிரில் லாரி வந்தாலும் சரிதான். பக்கத்தில் மனைவி சௌந்தரநாயகி கண்ணை மூடிக்கொள்வாள். பயத்தால் அல்ல, அந்த நேரத்தில் அவன் முகத்தில் வரும் பூரிப்பைப் பார்க்கப் பிடிக்காமல்.

அன்றைக்கு அவள் தஞ்சாவூர் போயாக வேண்டும். தம்பி அய்யாவு செத்து ஒன்பது மாதம். பிள்ளை இல்லாதவன், அவனுடைய எட்டு மா நஞ்சை அவள் பெயருக்கு வந்திருந்தது. அதன் நடுவே எரிவாயுக் குழாய் பதிக்க நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ஆட்சேபணை கொடுக்க அன்று மூன்று மணியோடு கெடு முடிகிறது. முதலில் அளவெடுக்க வந்த நாளிலிருந்து சாகும்வரை அய்யாவு சொன்னது ஒன்றுதான்: "குழியத் தோண்ட விட்டுடாதக்கா."

"நான் பஸ்ல போயிக்கிறேன்" என்றாள்.

"வீட்டுல கார வச்சுக்கிட்டு பஸ்ஸா? எதுக்கு இந்த மனு கினுவெல்லாம்? ஆட்சியில இருக்கறது நம்ம கட்சி. ஒன்றியச் செயலாளர்கிட்ட ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சுது." கரைவேட்டியை இறுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

முன்சீட்டில் உட்கார்ந்ததும் அவள் கையில் ஒரு பாட்டிலைக் கொடுத்தான். "ஒசத்திப் புடி. டேங்க் டியூப்பக் கழட்டி இதுல மாட்டியிருக்கேன். அஞ்சு கிலோமீட்டருக்கு ஒருக்கா கோட்டப் பாத்துச் சொல்லு. இதுல எம்மெல் கணக்கு அச்சடிச்சே இருக்கு, பாத்தியா? அரை லிட்டர் தீந்ததும் நிறுத்தி, டேங்குக்கு மாத்திடுவேன்."

குளுக்கோஸ் பாட்டில். உள்ளே பெட்ரோல். அதிலிருந்து கிளம்பிய டியூப் கண்ணாடி இடுக்கு வழியாக வெளியேறி பானெட்டுக்குள் போயிற்று. பாட்டிலைத் திருப்பினாள். ஆஸ்பத்திரியில் ஒட்டிய துண்டுக் காகிதம் அப்படியே இருந்தது. அய்யாவு, ஆண், 52.

கடைசிப் பதினோரு நாளும் வீட்டில் வைத்துத்தான் மருந்து ஏற்றினார்கள். சுவரில் தொங்கவிட அடித்த ஆணி கழன்று விழுந்த இரவெல்லாம் இதே பாட்டிலை இதே கையால் உயர்த்திப் பிடித்தவள் அவள்.

"இத எங்கேருந்து எடுத்தீங்க?"

"பரண்ல கெடந்துச்சு. நல்ல பாட்டில், எதுக்கு வீணாக்கணும்?"

இறங்கிவிடலாமா என்று நினைத்தாள். அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழித்துத்தான். பிடித்துக்கொண்டாள்.

சித்திரை வெயில். காற்று இழுக்கும் என்று கண்ணாடியைத் திறக்க விடவில்லை. நாற்பதைத் தாண்டாமல் வண்டி ஊர்ந்தது. சைக்கிளில் போன ஒருவன் எட்டிப் பார்த்து, "என்ன மாமா, வண்டிக்கு ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டுவிட்டு முந்திப் போனான்.

"எவ்வளவு?"

"முந்நூத்தி இருவது மிச்சமிருக்கு."

"இருபத்தேழுக்கு மேல வருதுடி!" ஸ்டியரிங்கைத் தட்டினான்.

ஒரத்தநாட்டைத் தாண்டுமுன் இன்ஜின் சூட்டில் இளகிய டியூப் பிய்த்துக்கொண்டது. இழுபட்ட பாட்டில் கவிழ்ந்து, மிச்சப் பெட்ரோல் அவள் மடியில் கொட்டியது. வண்டி இருமி நின்றது. பஞ்சநாதன் பானெட்டைத் தூக்கி அரை மணி நேரம் குடைந்தான். மணி ஒன்றே முக்கால். தூரத்தில் பஸ் தெரிந்தது. மனுவையும், அந்தப் பெயரை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் பாட்டிலையும் பையில் திணித்துக்கொண்டு ஓடி ஏறினாள்.

கலெக்டர் ஆபீஸ் வாசலில் பெண் போலீஸ் பையைத் துழாவுவது வழக்கம். மனு கொடுக்க வருகிறவர்கள் மண்ணெண்ணெயை மேலே ஊற்றிக்கொள்ளும் காலம் அது.

"ஏட்டம்மா, பெட்ரோலு! பாட்டிலோட வந்திருக்கு!"

நாலு பேர் பிடித்தார்கள். அவள் வாய் திறப்பதற்குள் தலையில் ஒரு குடம், முதுகில் ஒரு குடம் தண்ணீர்.

"தீப்பெட்டி எங்கடி வச்சிருக்க?"

"தீப்பெட்டி இல்லங்க, இது கார் மைலேஜ் பாக்குற பாட்டிலு..."

"எங்களயே கிண்டல் பண்றியா?"

கூட்டம் கூடியது. யாரோ செல்போனைத் தூக்கிப் பிடித்தான். மாடியிலிருந்து, குழாய்க்கு நிலம் எடுக்கும் அதிகாரியே இறங்கி ஓடிவந்தார். அய்யாவு நாலு முறை ஏறி, நாலு முறையும் 'சார் கேம்ப்' என்று கேட்டுத் திரும்பிய மாடி அது.

"டிவிக்காரன் வர்றதுக்குள்ள மனுவ வாங்கித் தொலைங்கய்யா! சீல் போட்டுக் குடுங்க. அம்மா, ஒங்க நெலத்துக்கு நானே வந்து பாக்குறேன், அவசரப்படாதீங்க!"

ஈரக் காகிதத்தில் சீல் விழுந்தபோது மணி இரண்டு ஐம்பது. நியாயத்துக்கு இறங்காதவர் நாற்றத்துக்கு இறங்கிவந்திருந்தார். ரசீதைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் இடுப்பில் பத்திரமாகச் செருகிக்கொண்டாள்.

போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் எழுதி வாங்கிக்கொண்டு, கணவன் வந்தால்தான் விடுவோம் என்றார்கள். இருட்டும் நேரத்தில் பஞ்சநாதன் வந்தான். கையெல்லாம் கிரீஸ். ஈரப் புடவையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தான். இன்ஸ்பெக்டர் மேஜைமேல் இருந்த பாட்டிலைப் பார்த்தான்.

"சௌந்தரம், கடைசியா எத்தனையில இருந்துச்சு? கொட்டுறதுக்கு முன்னாடி?"

ரைட்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

அவள் எழுந்துபோய், பாட்டிலில் ஒட்டியிருந்த பெயரை நகத்தால் மெதுவாக உரித்தாள். யாரும் தடுக்கவில்லை. அதை ரசீதுக்குள் வைத்து மடித்துக்கொண்டாள். வெளியே அவன் கார்க் கதவைத் திறந்து பிடித்தான்.

"ஏறு."

"நான் அறுபத்தஞ்சு கிலோங்க" என்றாள். "எறக்கி விட்டுட்டே போங்க. லிட்டருக்கு இன்னும் ஒண்ணு கூடக் குடுக்கும்."

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.