கேட்டால் கொடுக்க வேண்டும்

லோகனில் இருக்கிற வீட்டுக்குப் போகிற ரயிலில் நின்றபடியே ரூட்டா அந்த மின்னஞ்சலைப் படித்தாள். படித்து முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தாள். செவிலியர் வகுப்புக்கு அவள் எழுதிக் கொடுத்த பராமரிப்புத் திட்டமும் இன்னொரு மாணவர் கொடுத்ததும் வரிக்கு வரி ஒன்றாக இருக்கிறதாம். அந்த இன்னொருவர் அவளுக்கு முந்தின நாளே கொடுத்துவிட்டாராம். வியாழக்கிழமை நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும், துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்று போட்டிருந்தது.

பின்னால் கொடுத்தவள்தானே பார்த்து எழுதியவள்? யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். குற்றம் உறுதியானால் அந்தப் பாடம் போய்விடும். பாடம் போனால் அடுத்த மாதம் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு அனுப்ப மாட்டார்கள். பயிற்சி இல்லையென்றால் உதவித்தொகை நிற்கும், அது நின்றால் விசாவும் நிற்கும். அப்புறம் ஊருக்குத் திரும்பி, பேசோ துறைமுகத்து மீன் கூடத்தில் பழைய கத்தியை எடுத்துக்கொண்டு பழைய இடத்திலேயே போய் நிற்க வேண்டியதுதான்.

அந்தக் கூடத்தில் பல வருஷம் நின்றவள் அவள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு, வளர்ந்த பிறகு ராத்திரி வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டியவள். அதனால் படிப்பு அவளுக்குத் தானாக ஓடி வராது. ஒவ்வொரு வரியையும் சூரை மீனின் வயிற்றைக் கீறிக் குடலை உருவுகிற மாதிரி உருவித்தான் எடுப்பாள். அந்தத் திட்டத்தையும் அப்படித்தான் எழுதினாள். சர்க்கரை நோயில் காலில் புண் வந்த ஒரு கிழவருக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பது கேள்வி. அவளுடைய சித்தப்பா இரண்டு பேரும் அந்தப் புண்ணிலேயே காலை இழந்தவர்கள். யாரையும் பார்த்து எழுத வேண்டிய அவசியம் அவளுக்கு இருக்கவில்லை.

கொடுத்ததுதான் தப்பு. அதுவும் அவளாகவே கொடுத்தது.

யோதேபா அவளுக்குத் தூரத்து உறவில் தம்பி முறை. அவள் மற்ற ஊர்க்காரர்களோடு தங்கியிருந்த வீட்டிலேயே பின்பக்க அறையில் இருந்தான். பகலில் அவளோடு அதே வகுப்பு, சாயங்காலம் கார் கழுவும் வேலை, அப்புறம் தூக்கம் என்று ஓடிக்கொண்டிருந்தவன், ஒரு நாள் அவள் மீன் பொரித்துக்கொண்டிருக்கும்போது அடுப்படி வாசலில் வந்து நின்று, "அக்கா, உன்கிட்ட புபுசி கேக்குறேன். நீ எழுதின அந்தத் திட்டத்தக் குடு" என்றான்.

உறவுக்காரன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்துவிட்டால் கிரிபாஸ் தீவுகளில் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். சட்டையைக் கேட்டால் கழற்றிக் கொடுப்பார்கள், சைக்கிளைக் கேட்டால் இறங்கிக் கொடுப்பார்கள். அவளுடைய அப்பா மறுநாள் கடலுக்குப் போக வேண்டியிருக்கும்போதே படகு இயந்திரத்தை அண்ணன் மகனுக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டு, துடுப்பை இரவல் வாங்கிக்கொண்டு போனார். கொடுக்காமல் கை மடக்கியவன் பெயர் தீவு முழுக்க நாறும். ரூட்டா கரண்டியைக் கீழே வைக்கக்கூட இல்லை. மடிக்கணினி மேசை மேல் இருக்கிறது, எடுத்துக்கொள் என்றாள். அந்த வீட்டில் இருந்த எல்லாருக்கும் மடிக்கணினி அது ஒன்றுதான். யார் எழுதினாலும் ஒரே இடத்தில்தான் கிடக்கும், யாருடையது என்று பெயர் கிடையாது.

முதல் வாரத்திலேயே பல்கலைக்கழகத்தில் சொல்லியிருந்தார்கள், உங்கள் வேலையைப் பிறருக்குக் கொடுக்காதீர்கள் என்று. எல்லாரோடும் சேர்ந்து அவளும் தலையாட்டினாள். ஆனால் யோதேபாவை அவள் பிறத்தியான் கணக்கில் வைத்துப் பார்க்கவே இல்லை. பார்த்துப் புரிந்துகொள்ளத்தான் கேட்கிறான் என்று நினைத்தாள். அவன் அப்படியே தன் பெயரைப் போட்டு அனுப்புவான் என்று யாருக்குத் தெரியும்?

மின்னஞ்சல் வந்த அன்றைக்கே யோதேபா துணிமணியை எடுத்துக்கொண்டு சிநேகிதன் வீட்டுக்குப் போய்விட்டான். கூப்பிட்டால் கைபேசியை எடுக்கவில்லை.

சோற்றுத் தட்டைச் சுற்றி உட்கார்ந்த மற்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கணினியை யாரோ திருடினான் என்று சொல்லச் சொன்னான் ஒருவன். திருட்டுப்போன கணினி இதோ உன் மடியில்தானே இருக்கிறது என்று இன்னொருவன் அவனைக் கிண்டலடித்தான். எல்லாரையும் விட மூத்தவள் மோவா, தகர டப்பா மீனைப் பிசைந்துகொண்டே தீர்ப்புச் சொன்னாள்.

"போனதும் அழுதுரு. இமாத்தாங்குக்கு, இந்த வெள்ளைக்காரங்களுக்கு, அழுகைன்னா பயம். கையில டிஷ்யூவக் குடுத்து அனுப்பி வச்சிருவாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். ரூட்டாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் மோவா அடுத்துச் சொன்னது சிரிப்பாக இல்லை. என்ன நடந்தாலும் தம்பி பெயரை மட்டும் வெள்ளைக்காரர்கள் முன்னால் எடுக்காதே, எடுத்தால் நீ ஊரில் யார் முகத்திலும் முழிக்க முடியாது என்றாள். ரூட்டா எழுந்து தட்டைக் கழுவினாள். வாயை மூடிக்கொண்டு திருடி என்ற பெயரை வாங்கிக்கொள்ள அவளுக்கு மனசில்லை. பொய் சொல்லித் தப்பிக்கவும் மனசில்லை. மூன்றாவது வழி ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று நினைத்தாள்.

மறுநாள் காலையில் மாணவர் சங்க அலுவலகத்துக்குப் போனாள். இந்த மாதிரி விசாரணைகளில் மாணவர்களுக்குத் துணையாக வருவதற்கென்றே அங்கே ஒருவர் இருந்தார். ஆலன் என்று பெயர். ஒட்டகம் மாதிரி நெடுநெடுவென்று இருந்தார். காசு கொடுக்க வேண்டாமா என்று அவள் இரண்டு தடவை கேட்டாள். வேண்டாம் என்று இரண்டு தடவையும் சொல்லிவிட்டு, முழுக் கதையையும் குறுக்கே பேசாமல் கேட்டார்.

பிறகு செய்ய வேண்டியதைச் சொன்னார். தனியாகப் போக வேண்டாம், நான் வருகிறேன். பேச்சு வேகமாகப் போனால் நிறுத்தச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்றால் இன்றைக்கே கேட்டுவிடலாம். நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். முன்னால் தாறுமாறாகப் பேசிவிட்டுப் பின்னால் திருத்தினால் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள்.

"உங்க ஊர் வழக்கத்த எடுத்த எடுப்புல சொல்லாதீங்க. சாக்குச் சொல்ற மாதிரி இருக்கும். முதல்ல என்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்க, அப்புறம் ஏன்னு சொல்லுங்க" என்றார்.

"நான்தான் எழுதினேன்னு நம்புவாங்களா?"

ஆலன் தாடியைச் சொறிந்தார். "அந்தப் பையனும் அதையே சொன்னா நம்புவாங்க. ரெண்டு பேரையும் தனித்தனியாத்தான் கூப்பிடுவாங்க. அவன் மாத்திச் சொல்லிட்டான்னா உங்க பாடு கஷ்டம்."

ஞாயிற்றுக்கிழமை தேவாலய ஆராதனை முடிந்ததும் அவள் வின்னம் கடற்பாலத்துக்குப் பஸ் ஏறினாள். கிரிபாஸ் பையன்கள் ஓய்வு நாளில் தூண்டில் போட வேறெங்கும் போக மாட்டார்கள். பாலத்தின் கோடியில் யோதேபா தனியாக உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். உட்காரு என்று கையைக் காட்டிவிட்டு அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டவில்லை. மீன் கடிக்கிறதா என்று கேட்டாள். கடிக்கவில்லை என்றான். 

அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படித்தோம், அதனால் ஒரே மாதிரி வந்துவிட்டது என்று சொல்லலாம் என்றிருக்கிறானாம். அவளும் அதையே சொல்லிவிட்டால் ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகாதாம்.

"வரிக்கு வரியா?" என்றாள் ரூட்டா.

அவன் தூண்டில் கயிற்றை விரலில் சுற்றத் தொடங்கினான்.

"தம்பி, நான் உன்கிட்ட புபுசி கேக்க வந்திருக்கேன்."

தூண்டில் கயிறு அவன் விரலில் அப்படியே நின்றது. திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று பார்த்திருப்பான்.

"வியாழக்கிழமை நீ வரணும். யார் எழுதினது, யார் கேட்டது, எல்லாத்தையும் உன் வாயால நீயே சொல்லணும். அதுதான் கேக்குறேன்."

"அக்கா, போனக் கேளு, தரேன். இந்த வாரச் சம்பளத்தக் கேளு. இதக் கேக்காத."

"நீ என்கிட்ட என்ன சட்டையா கேட்ட?"

அவன் வெகுநேரம் கயிற்றைச் சுற்றிக்கொண்டே இருந்தான். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அவள் எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். கேட்டாகிவிட்டது. அவன் கொடுக்காவிட்டாலும் தான் உண்மையைத்தான் சொல்லப் போகிறோம் என்று அந்தப் பஸ்ஸிலேயே முடிவு செய்துகொண்டாள்.

வியாழக்கிழமை அவள் போனபோது வராந்தாவில் யோதேபா இல்லை. அவளைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் பேராசிரியை வில்காக்ஸ். ஆலன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் டம்ளரை அவளுக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தார்.

ரூட்டா வரிசையாகச் சொன்னாள். எழுதியது நான். கேட்டது யோதேபா. கொடுத்ததும் நான்தான், யாரும் திருடவில்லை. கொடுக்கக் கூடாது என்று நீங்கள் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். எங்கள் ஊரில் உறவுக்காரன் கேட்டால் மறுப்பது கேவலம், அதனால் கொடுத்தேன். கொடுத்தது தப்பு என்று இப்போது தெரிகிறது.  எந்த இடத்திலும் நிற்கவில்லை. தம்பியின் பெயரைச் சொன்ன இடத்தில் மட்டும் டம்ளரை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

பேராசிரியை அந்தக் கிழவரைப் பற்றிக் கேட்டார். தினமும் பாதத்துக்கு அடியில் கண்ணாடி பிடித்துப் பார்க்க வேண்டும் என்று ஏன் எழுதினாய் என்றார். காலில் உணர்ச்சி செத்தவனுக்குப் புண் வந்தது தெரியாது, நாற்றம் வந்த பிறகுதான் தெரியும், அதற்குள் காலே போய்விடும் என்றாள். மேலும் சில கேள்விகள் வந்தன. ஒன்றுக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னாள்.

வெளியே வந்தபோது யோதேபா சுவரோரமாக நின்றுகொண்டிருந்தான். கார் கழுவும் இடத்திலிருந்து நேராக ஓடி வந்திருக்கிறான், ரப்பர் பூட்ஸிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவளைப் பார்க்காமலே உள்ளே போனான்.

அவள் காத்திருந்தாள். வீட்டுக்குப் போங்கள், முடிவு மின்னஞ்சலில் வரும் என்றார் ஆலன். அவள் அசையவில்லை. கதவு திறந்து அவன் வெளியே வந்ததும் முதலில் தண்ணீர் கேட்டான். குடித்து முடித்தான்.

"சொல்லிட்டேன்" என்றான்.

சாயங்காலம் முடிவு வந்தது. ரூட்டாவுக்கு எச்சரிக்கை. அந்தத் திட்டத்துக்கு மதிப்பெண் கிடையாது, வேறொரு நோயாளிக்குப் புதிதாக ஒன்று எழுதித் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும், எவ்வளவு நன்றாக எழுதினாலும் தேர்ச்சிக்கு மேல் போட மாட்டார்கள். ஆனால் பயிற்சி இடம் அவளுக்குத்தான். யோதேபாவுக்கு அந்தப் பாடம் போயிற்று. அடுத்த பருவத்தில் திரும்பப் படிக்க வேண்டும். தானாக வந்து ஒத்துக்கொண்டதால் வெளியே அனுப்பவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

வீட்டில் மோவா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. சோற்றுச் சட்டியை மட்டும் அவள் பக்கம் தள்ளி வைத்தாள். ரூட்டாவும் சமாதானம் பேசிக்கொண்டு நிற்கவில்லை. சனிக்கிழமை காலையிலேயே நூலகத்துக்குப் போய் ஒரு கணினியைப் பிடித்து உட்கார்ந்துவிட்டாள். இந்தத் தடவை மூச்சிரைக்கும் ஒரு பாட்டி. முதல் பத்தியே வழிக்கு வராமல் முரண்டு பிடித்தது.

மத்தியானம் யோதேபா வந்து பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். கையில் அந்தக் கிழவரைப் பற்றிய அவனுடைய பழைய கேள்வித்தாள் இருந்தது. அவன் கண் மெல்ல அவளுடைய திரைப் பக்கம் போனது. வாயைத் திறக்கவும் போனான்.

"கேக்காத" என்றாள் ரூட்டா. "கேட்டா இல்லேன்னுதான் சொல்லுவேன்."

பிறந்ததிலிருந்து ஒரு உறவுக்காரனிடம் அவள் அப்படிச் சொன்னதில்லை.  திரையை இரண்டு கையாலும் பிடித்து அவனுக்குத் தெரியாதபடி தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு அவன் கையிலிருந்த தாளை வாங்கி மேசையில் விரித்தாள்.

"உன் கிழவனுக்கு எந்தக் கால்ல புண்ணு?"

அவன் குனிந்து தாளில் தேடினான்.

"படி. படிச்சிட்டுச் சொல்லு. நான் இங்கதான் இருக்கேன்."