அய்யூப் கடை சோம்புத் தட்டு

வயிற்றுப் பொருமல் இந்த வாரத்தோடு மனித குலத்தைவிட்டு ஒழிந்தது என்று ரூபேந்திரன் அறிவித்தான். இடம்: மலேசியாவின் உலு திராமில் அய்யூப்பின் பிரியாணிக் கடை. பையிலிருந்து, தான் விற்க வந்த மாத்திரை டப்பாவை எடுத்தான். கல்லா மேசையில் வைக்க இடமில்லை. அங்கே சோம்புத் தட்டு இருந்தது. சாப்பிட்டவர்கள் காசு கொடுத்துவிட்டு ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொண்டு போகிற தட்டு.

அவனுக்கு வேண்டியது அந்த ஒரு சாண் இடம்தான். அந்தத் தெருவின் மற்ற ஆறு கடைகளிலிருந்தும் அவனை விரட்டியாயிற்று.

“இந்தக் குருவித் தீனிய எடுங்க பாய். எந்தக் காலத்துல இருக்கீங்க லா?”

அய்யூப்பின் மனைவி ரம்ஜான் பீவி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “நார்ச்சத்து இருக்கு, இரும்புச்சத்து இருக்கு, கால்சியம் இருக்கு. காத்தக் கலைக்கும். வாய் நாத்தம் போகும். ஒனக்கு அது மொதல்ல வேணும்.”

“ஒரு சிட்டிகையில உள்ள இரும்ப வச்சு ஒரு குண்டூசி செய்ய முடியுமாக்கா?”

“ஒன் மாத்திரையில என்னடா இருக்கு?”

“விஞ்ஞானம்.”

அய்யூப் கரண்டியைக் கீழே வைத்தார். “மூணு தட்டு மட்டன் பிரியாணி தின்னு. ஒன் விஞ்ஞானத்தப் போட்டுக்க. அரை மணி நேரம் நெளியாம ஒக்காரு. ஒக்காந்துட்டா தட்ட எடுத்துட்டு டப்பாவ வைக்கிறேன். நெளிஞ்சே, இந்தத் தெருவுலயே ஒன்னப் பாக்கக் கூடாது.”

மூன்றாம் தட்டில் பீவி கறியை அள்ளி அள்ளி வைத்தாள். பகை என்று வந்துவிட்டால் அவள் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை.

மாத்திரை இரண்டு உள்ளே போயின. பத்தாவது நிமிடம் வயிறு பானையானது. இருபதாவது நிமிடம் சட்டையின் நடுப் பொத்தான் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தது. ரூபேந்திரன் பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே முறைத்தான். நெளியவில்லை. மூச்சுகூட அளவாகத்தான் விட்டான்.

“அலமாக், ஒக்காந்துட்டான்!” என்று அரை மணி முடிந்ததும் வியந்தார் பக்கத்து மேசைக்காரர்.

அய்யூப் சொன்ன சொல் மாறாதவர். காறித் துப்புகிற முகத்தோடு டப்பாவைக் கல்லா மேசையில் வைத்தார். பீவி தட்டை எடுக்கக் கை நீட்டினாள்.

“இருங்கக்கா,” என்றான் ரூபேந்திரன், மெல்ல எழுந்து. “இந்தக் குப்பைய நானே உள்ள கொண்டுபோய் வைக்கிறேன்.”

“வச்சுத் தொல!”

கைகழுவும் தொட்டியைத் தாண்டி, சமையல்கட்டு வாசலுக்கு முன்னால், யாரும் பார்க்காத ஒரு மூலை இருந்தது. முதலில் ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டான். பிறகு தட்டை அப்படியே வாயில் கவிழ்த்தான்.