தண்ணீருக்கு ஒரு சமன்பாடு

எனக்கு ரசாயனம் தெரியாது. ஆஸ்பத்திரியில் கிராணியாகக் கணக்கு எழுதி மேசையைத் தேய்த்துக்கொண்டிருந்தவன். புண்ணுக்குக் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸர் வேலைக்கான வகுப்பு வாத்தியார் காய்ச்சலில் படுத்ததும், "செபாஸ்டியன் சீனியர் கேம்பிரிஜ் பாஸ்" என்று என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். நானும் புத்தகத்தைப் புரட்டி ஒரு மாதம் சமாளித்தேன்.

அம்புக்குறியின் இரண்டு பக்கமும் எண்ணிக்கை சரியாக வர வேண்டும், அவ்வளவுதானே? H₂ + O₂ → H₂O என்றால் வலப்பக்கம் ஓர் O குறைகிறது. அதன் காலடியில் ஒரு 2 போடு, H₂O₂ ஆயிற்று, கதை முடிந்தது. அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். ஹனீபா மட்டும் எழுந்து, "சார், அது வேற சரக்கா ஆயிடாதா?" என்றான். நீ வாத்தியாரா நான் வாத்தியாரா என்று எரிந்து விழுந்தேன். உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் வெள்ளைக்காரப் பெரிய டாக்டர் துரை, பரீட்சைக்குப் போகிறவர்களின் பெயர்ப் பட்டியலோடு வந்தார். பலகையில் தப்பு செய்கிறவனுக்குப் பரீட்சை கிடையாது. ஹனீபா ஏற்கெனவே ஒரு முறை தவறியவன். இன்னொரு தவணை தர மாட்டார்கள். பள்ளிவாசல் பக்கம் தோளில் காவடிபோல் கம்பு சுமந்து சோறு விற்ற அவன் வாப்பாவுக்கு முதுகு போய்விட்டது. இந்த வேலையைத்தான் வீடே நம்பியிருந்தது.

துரை அவனைத்தான் முதலில் கூப்பிட்டார். தண்ணீர் உண்டாவதை எழுதச் சொன்னார். ஹனீபா சுண்ணக்கட்டியோடு என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு நான் சொன்னபடியே H₂O₂ என்று எழுதினான்.

துரைக்கு முகம் சிவந்துவிட்டது. தண்ணீர் கேட்கிற நோயாளிக்குப் புண் கழுவுகிற மருந்தையா குடிக்கக் கொடுப்பாய் என்று சீறினார். எவன் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார்.

"யாரும் இல்ல சார். நான்தான் தப்பா எழுதிட்டேன்."

அவன் பெயரை அடிக்கத் துரை பேனாவைத் திறந்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் வாத்தியார் வேலை எனக்கே நிலைக்கும். நாசமாய்ப் போன வேலை! பேனா தாளைத் தொடுமுன் எழுந்துவிட்டேன்.

"நான்தான் துரை அப்படிச் சொல்லிக்கொடுத்தேன்."

துரை பலகையை அழிக்கச் சொல்லி, உனக்குத் தெரிந்ததை எழுது என்றார். ஹனீபா யோசிக்கவேயில்லை. 2H₂ + O₂ → 2H₂O. எண்களை முன்னால் போட்டிருந்தான்; தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

அவன் பெயர் பட்டியலில் நின்றது. மத்தியானமே எனக்குப் பழைய மேசைக்குப் போக உத்தரவு வந்தது. வராந்தாவில் அவனைப் பிடித்து நிறுத்தி, தெரிந்துகொண்டே ஏனடா அப்படி எழுதினாய் என்று கேட்டேன்.

"அத்தன பேருக்கு முன்னால உங்கள எப்படி சார் தலகுனிய வைக்கிறது?"