உதறாத சாக்கு

ஏலக்காய் வியாபாரி வீட்டில் பிறந்தவளுக்குச் சாக்கின் மேல் தனி நம்பிக்கை. கூடப் படித்தவர்களெல்லாம் பாறைத்துண்டுகளைப் புதுப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு திரிய, ஃபாயிசா மட்டும் அண்ணன் ஆரிப்பின் ஏலக்காய்க் கிட்டங்கியிலிருந்து சாக்கு எடுத்துக்கொண்டு ரயிலேறுவாள். கல் கிழிக்காத சாக்கு, போடிச் சாக்கு என்று பெருமை வேறு. அந்தப் பெருமைதான் அவளைக் கவிழ்த்தது.

டைனோசர்கள் தலைகாட்டத் தொடங்கிய காலத்துப் பாறைகளுக்கு வயது சொல்வது அவள் தொழில். இதைச் சொன்னால் ஊரில் யாராவது கேலி செய்தால்கூடப் பரவாயில்லை; அதுவும் இல்லை. "அப்படியா?" என்று கேட்டுவிட்டு "சாப்பிட்டியா?" என்பார்கள். நாற்பத்தொரு வயதில், போடியில் கிட்டங்கிக்கு மேலே ஒற்றை அறையில், ஒரு மைக்ராஸ்கோப்போடு குடித்தனம் நடத்துகிறவளிடம் வேறென்னதான் பேசுவார்கள்?

விஷயம் இதுதான். தெலங்கானாவில் கோதாவரிப் பக்கத்துச் செம்பாறையில் அந்தக் காலத்து டைனோசர் எலும்புகள் கிடக்கின்றன. கூடவே ஒரு பிராணியின் தாடையும் கிடைக்கிறது. பன்றியளவு உடம்பு, கிளி மூக்கு. அதே இனம் தென் அமெரிக்காவிலும் உண்டு. அங்கே எலும்புக்குப் பக்கத்து அடுக்கிலேயே எரிமலைச் சாம்பல் இருக்கிறது. சாம்பலில் சிர்கான் என்று பொடிப் பொடியாகப் படிகங்கள். அதற்குள் யுரேனியம் கொஞ்சம் கொஞ்சமாக ஈயமாக மாறிக்கொண்டே வரும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் வயது வந்துவிடும். அப்படி வந்தது இருபத்துமூன்று கோடி ஆண்டு. நம் பக்கத்தில் சாம்பல் இல்லை. அதனால், அவன் இவனோடு ஒன்றாகப் படித்தவன், அவனுக்கு இருபது என்றால் இவனுக்கும் இருபதுதான் என்று ஊரில் வயது சொல்வார்களே, அப்படி அங்கத்து வயதை இங்கேயும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கோதாவரிப் பாறைக்கு அதன் வாயாலேயே வயது சொல்ல வைக்க வேண்டும் என்பது ஃபாயிசாவின் வெறி.

அந்தப் பாறையைப் பொடித்துப் பொடித்து எட்டு வருஷம் சலித்தாள். வந்ததெல்லாம் ஆறு உருட்டி உருட்டி மழுக்கிய கிழட்டு மணல். போன வருஷம்தான் ஒரே ஒரு சிர்கான் மணி கிடைத்தது. ஆற்றில் உருளாத கூர் முனை, எரிமலையிலிருந்து நேராக வந்து விழுந்தது போல. அளந்தால் இருபத்துமூன்று கோடி! அன்றைக்கு அறைக்குள் தனியாகக் குதித்தாள். பிறகு ராம்பிரசாத்துக்குப் போன் போட்டாள்.

ராம்பிரசாத் போடிக்குப் பக்கத்துச் சிலமலைக்காரன். ஹைதராபாத்தில் இதே ஆராய்ச்சிதான். அந்தச் செம்பாறையைப் பற்றிப் போடித் தமிழிலேயே அவளோடு பேச உலகத்தில் அவன் ஒருவன்தான் உண்டு. கட்டுரையை இருவரும் சேர்ந்து எழுதினார்கள். பத்திரிகையும் ஏற்றுக்கொண்டது. இன்று சாயங்காலத்துக்குள் ஃபாயிசா கடைசிச் சம்மதம் அனுப்பினால் அச்சேறிவிடும். ராம்பிரசாத்தின் வேலை நிரந்தரமாவதும் அதை நம்பித்தான் இருந்தது.

மத்தியானம் போடிமெட்டிலிருந்து ஜீப்பு லோடு இறங்கியது. கீழே காய் பொறுக்கும் பொன்னுமணி, சரக்குப் போடுமுன் சாக்குகளைத் திருப்பித் திருப்பி உதறிக்கொண்டிருந்தாள். பழைய லாட்டுக் காய் ஒன்று தையலில் ஒட்டியிருந்தாலும் புதுச் சரக்கின் பேர் கெட்டுவிடும். போடியில் சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரிந்த பழக்கம் அது.

"ஆத்தா, இங்க கொஞ்சம் வா!" என்று கத்தினாள். "இது நீ கொண்டுபோன சாக்குதான? கல்லுப் பேரு எழுதிக் கெடக்கு. உதறுனா மொதல்ல செம்மண்ணு விழுது, தையலப் பிரிச்சா உள்ள வெள்ளைப் பொடி. என்ன எழவு இது?"

ஃபாயிசா இறங்கி வந்து பார்த்தாள்.

அந்த வெள்ளைப் பொடி அவளுக்குத் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்று தென் அமெரிக்காவிலிருந்து தருவித்த சாம்பல் பாறை. தொட்டால் உதிரும். அதை இந்தச் சாக்கில் போட்டுத்தான் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனாள். அதற்கப்புறம் இதே சாக்கு கோதாவரிக்குப் போய், அந்த ஒரு மணி கிடைத்த பாறையைச் சுமந்து வந்தது.

பொடியை ஒரு தட்டில் வழித்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். கழுவினாள், பார்த்தாள். மைக்ராஸ்கோப்புக்குக் கீழே கூர் முனையோடு ஏழெட்டு மணிகள். கட்டுரையில் படமாகப் போட்டிருந்த மணிக்குக் கூடப் பிறந்தவை போல இருந்தன. இரண்டு கண்டத்துப் பாறைக்கும் ஒரே வயது என்று எழுதியிருந்தாளே, ஒரே வயதாக இல்லாமல் என்ன செய்யும்? இரண்டும் ஒரே பாறை!

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பொன்னுமணிக்கு அது வெறும் மண். தனியாக வேலை பார்க்கிறவளைக் கேள்வி கேட்க ஆளில்லை. எட்டு வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு பார்த்தது இந்தப் பொய்க்காகவா என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது. போனை எடுத்தாள்.

ராம்பிரசாத் முழுவதையும் கேட்டான். "அந்த ஒரு மணி இந்தச் சாம்பல்லருந்துதான் வந்துச்சுன்னு உறுதியா சொல்ல முடியுமா?"

"முடியாது. அதுல வரலைன்னும் சொல்ல முடியாது. அது போதும்ல?"

"சாக்கப் பத்தி எங்கிட்டச் சொல்லாமலே இருந்திருக்கலாம்ல, ஃபாயிசா? தெரியாமலே போயிருக்கும். இப்ப தெரிஞ்சுபோச்சு, இனி நானும் கையெழுத்துப் போட முடியாது."

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். "வைக்கிறேன்" என்றான். மறுபடி கூப்பிட்டபோது எடுக்கவில்லை. மூன்றாவது தடவை போன் அணைந்திருந்தது. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று பத்திரிகைக்கு நான்கு வரி எழுதி அனுப்பினாள்.

கீழே பொன்னுமணி பஸ்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "ஏன் ஆத்தா, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு?"

"அக்கா, ஒரு சாக்க உதறாம இன்னொரு சரக்கப் போட்டுட்டேன்."

"அடிப்பாவி! நீயெல்லாம் ஏலக்காக்காரன் வீட்டுப் பிள்ளையா?" பொன்னுமணி தலையிலடித்துக்கொண்டாள். "எம்புட்டுச் சரக்கு கெட்டுச்சு?"

எட்டு வருஷம் என்று சொல்ல வாயெடுத்தாள். தெருமுனையில் பஸ்சு ஹாரன் அடித்தது.

"வெரசா போகணும், நாளைக்குச் சொல்லு" என்று பொன்னுமணி ஓடினாள். ஃபாயிசா வாசல்படியில் நின்றபடி, "எட்டு வருஷம்க்கா" என்று காலித் தெருவைப் பார்த்துச் சொன்னாள்.