ஞாயிறு ஒரு மணிக்குப் பார்வைக்கு

வீட்டு முகவர் கமிலா முதன்முதலாக ஹோலுக்குள் வந்து நாலு பக்கமும் பார்த்தாள். பிறகு, "ஸ்பென்னன" என்றாள்.

டேனிஷில் அதற்குச் சுவாரசியம் என்று பொருள். கனகசபைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. குளிராமல் என்ன செய்யும்? பொன்னிறக் கால் வைத்த சிவப்பு வெல்வெட் சோபா செற்றி, சுவரை அடைத்து நிற்கும் சோகேஸ், அதற்குள் பன்னிரண்டு கண்ணாடி அன்னங்கள், ஒரு பிளாஸ்டிக் முந்திரிகைக் குலை, ஜன்னலுக்கு மயில் போட்ட நீலத் திரைச்சீலை. எல்லாம் அவர் பார்த்துப் பார்த்துச் சேர்த்தவை. ஹேர்னிங்கில் இப்படி ஒரு ஹோல் வேறு எவனுக்கும் இல்லை என்பது அவருடைய எண்ணம். அந்த மகிழ்ச்சிப் புளுகத்தில் கமிலாவுக்கு மூன்று ரோல்ஸைக் கட்டாயப்படுத்தித் தின்னக் கொடுத்தார்.

மகள் சாரங்கி தொலைபேசியில் அந்தச் சந்தோசத்தைக் கெடுத்தாள்.

"அப்பா, டேனிஷ் ஆக்களுக்குப் பிடிச்சா நல்லாயிருக்கு எண்டு சொல்லுவினம். பிடிக்காட்டித்தான் ஸ்பென்னன. நான் ஒருநாள் வேலைக்குப் பாகற்காய்க் கறி கொண்டு போனனான். எல்லாரும் ஸ்பென்னன எண்டிச்சினம். ஒருதரும் ரெண்டாந்தரம் தொடேல்லை."

விஷயம் இதுதான். வீடு ஏழு மாதமாய் விற்பனைக்கு நிற்கிறது. சாரங்கி இருப்பது மூன்று மணித்தியாலத் தூரத்தில், புரொண்பியில். அவளுடைய அடுக்குமாடியிலேயே கீழ்த்தளத்தில் ஒரு வீடு காலியாகியிருந்தது, படியே இல்லை. இங்கே மனைவி யோகமலர் படுக்கையறைக்குப் போவதென்றால் ஒவ்வொரு படியிலும் இருந்து இருந்துதான் ஏறுகிறாள். இரண்டு முழங்காலும் முடிந்துவிட்டது. மூன்று வயதுப் பேத்தி துவாரகா, "அம்மம்மா போனுக்குள்ளதான் இருக்கிறவவோ?" என்று கேட்டாளாம். அந்த வீட்டுக்குத் திங்கட்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். இது விற்காமல் அதற்குச் சம்மதம் சொல்ல வழியில்லை. ஆகவே இந்த ஞாயிறு நடக்கும் திறந்த வீடுதான் கடைசி. வாங்க நினைக்கிறவர்கள் வந்து சுற்றிப் பார்க்கலாம், வீட்டுக்காரர் மட்டும் வெளியே போய்விட வேண்டும்.

"எல்லாத்தையும் கழட்ட வேணும்," என்றாள் கமிலா. "வெள்ளை. வெறுமை. வெளிச்சம்."

கனகசபை இந்த நாட்டுக்கு வந்தது எண்பத்தாறில். அப்போது டேனிஷ்காரர் வீடெல்லாம் மண்ணிறமும் தோடம்பழச் செம்மஞ்சளும். இவர் நாலு காசு சேர்த்து அந்த மண்ணிறச் செற்றியைப் பழைய சாமான் கடையில் வாங்கி வந்தபோது அவர்கள் பைன் மரத்துக்கு மாறிவிட்டார்கள். இவர் பைன் மரத்துக்கு வந்தார். அவர்கள் கறுப்புத் தோலுக்கும் கண்ணாடி மேசைக்கும் போனார்கள். அங்கேயும் துரத்திக்கொண்டு போனார். அவர்கள் எல்லாவற்றையும் வெள்ளையடித்துவிட்டு நின்றார்கள். சீ, போங்கள் என்று வெறுத்துப்போய்த்தான் அவர் சிவப்பு வெல்வெட்டில் இறங்கினார். கடையில் புத்தம்புதிதாய் வாங்கிய முதல் செற்றி அது.

அந்தச் செற்றியால் ஒரு சிநேகிதமும் போனது. மகேந்திரராசாவும் இவரும் துணி ஆலையில் இருபது வருடம் ஒரே மெசினில் நின்றவர்கள். செற்றி வந்த அன்று பார்க்க வந்த மகேந்திரராசா, "மணவறை நல்லாத்தான் கிடக்கு. பொம்பிளை எங்க?" என்று கேட்டான். ஹோல் நிறைய ஆட்கள் சிரித்தார்கள். பகிடிக்குச் சொன்னதுதான். ஆனால் கனகசபை பதினொரு வருடமாக அவனோடு கதைப்பதில்லை.

இப்போது அந்தச் செற்றியும் சோகேசும் அன்னங்களும் கராஜுக்குப் போயின. சுவருக்கு வெள்ளை, ஜன்னலுக்கு வெள்ளைத் துணி, நிலத்தில் ஒரு வெள்ளை விரிப்பு. யோகமலர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஒரு படமாவது வேணும். மொட்டைச் சுவரைப் பார்க்க ஆசுப்பத்திரி மாதிரிக் கிடக்கு," என்று பிடிவாதமாய் நின்றாள். குடும்பப் படம் வைப்பது வழக்கமில்லை என்றாள் கமிலா. ஆனால் பெட்டிக்குள் கிடந்த ஒரு படம் அவள் கண்ணில் பட்டது. எண்பத்தாறில் கழுத்தில் ரை கட்டி, சுருட்டை முடியோடு எடுத்த கனகசபை. "ஆஹ், இது பழைய பாணி. இதுதான் இப்ப எடுபடும்," என்றாள். கறுப்பு வெள்ளையில் பெரிதாக்கிக்கொண்டு வந்து, சுவரில் மாட்டாமல் ஒரு தாழ்ந்த மேசையில் சாய்த்து வைத்தாள்; மாட்டாமல் சாய்ப்பதுதான் இப்போதைய நாகரிகமாம். பக்கத்தில் ஒரு தடித்த மெழுகுவர்த்தி. முன்னால் ஒரு கொத்து வெள்ளை லில்லி. எல்லாம் முடிந்ததும் ஹோலை அப்படியே படம் பிடித்து யோகமலரின் போனுக்கு அனுப்பினாள்.

யோகமலருக்கு ஒரு யோசனை வந்தது. எங்கட ஆட்களிலும் வீடு தேடுகிறவர்கள் இருப்பார்கள்தானே. சனிக்கிழமை மத்தியானம் ஹேர்னிங் தமிழர் வட்ஸ்அப் குழுவில் அந்தப் படத்தைப் போட்டு, 'எமது இல்லம் பார்வைக்கு' என்று எழுதத் தொடங்கினாள். அவளுடைய போன் பல வருடமாக ஊர்ப்பட்ட மரண அறிவித்தல்களைப் பகிர்ந்து பழகிய போன். இரண்டு எழுத்துத் தட்டினால் மிச்சத்தைத் தானே கொண்டுவந்து வைக்கும். அவளும் கண்ணாடி போடாமல் வந்ததையெல்லாம் அமத்திவிட்டாள். போன செய்தி இது:

'ஞாயிற்றுக்கிழமை பி.ப. 1 மணிக்கு எமது இல்லத்தில் பார்வைக்கு வைக்கப்படும். உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவருக்கும் அறியத்தருகிறோம்.'

பின்னேரத்துக்குள் அறுபது கைகூப்பிய படங்கள் வந்து விழுந்தன.

"எங்கட சனத்துக்கு எவ்வளவு மரியாதை பாருங்கோ," என்றாள். "கதிர்காமு அண்ணை ஓம் சாந்தி எண்டு போட்டிருக்கிறார்."

"வீட்டுக்குச் சாந்தி செய்யச் சொல்லுறார் போல," என்றார் கனகசபை. "செய்யாததாலதான் விக்கேல்லையோ தெரியாது."

"சின்னமணி அழுகிற மூஞ்சி போட்டிருக்கிறாள்."

"நாங்கள் ஹேர்னிங்கை விட்டுப் போறம். கவலை இருக்கும்தானே."

ஞாயிறு காலை போனைக் குசினியிலேயே சார்ஜில் மறந்துவிட்டு, இருவரும் காரை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனார்கள். மழை தூறியது. காருக்குள் இருந்து மீன் பணிஸ் சாப்பிட்டார்கள். யோகமலர் முழங்கால் வலிக்கான குளிசையையும் வீட்டில் மறந்துவிட்டிருந்தாள். பன்னிரண்டரைக்கு வலி தாங்க முடியாமல் போனது. "சத்தமில்லாமல் பின்பக்கத்தால போய் எடுத்துக்கொண்டு வருவம்," என்று திரும்பினார்கள்.

தெருவின் இரண்டு கரையும் கார். தூரத்து ரண்டர்ஸ் நகரத்து இராசரத்தினத்தின் கார் கூட நின்றது.

"மலர்," என்றார் கனகசபை. "வெள்ளையடிச்சது வேலை செய்திட்டுது."

வாசலில் சப்பாத்து மலை. புல்வெளியில் ஆண்கள் கைகட்டி, தலை குனிந்து நின்றார்கள். ஒருவரும் சுவரைத் தட்டிப் பார்க்கவில்லை, கூரையை அண்ணாந்து பார்க்கவில்லை. வீடு வாங்க வந்தவர்கள் இவ்வளவு அடக்கமாய் நின்று அவர் கண்டதில்லை. இராசரத்தினம்தான் முதலில் நிமிர்ந்து பார்த்தார். அவர் கையிலிருந்த குடை விழுந்தது.

உள்ளே சின்னமணி அவருடைய படத்துக்கு முன்னால் இருந்து, "என்ர அண்ணை, ஒரு சொல்லுச் சொல்லாமப் போட்டியளே," என்று ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். பெண்கள் வெள்ளை விரிப்பில் வரிசையாய் இருந்தார்கள். செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதென்று ஆளாளுக்குத் தேத்தண்ணியும் வடையும் சுமந்து வந்திருந்தார்கள். கமிலா ஒரு மூலையில் வெளிறிப்போய் நின்றாள். பாவம், தமிழர் வீடு வாங்குவதற்கு முன் இப்படித்தான் அழுவார்களாக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் போய்விட்டார் என்றுதான் பதில் சொன்னாள். டேனிஷில் போய்விட்டார் என்பதற்கும் காலமானார் என்பதற்கும் ஒரு சின்னச் சொல்தான் வித்தியாசம். அந்த அழுகைச் சத்தத்தில் அது எவருக்குக் கேட்கப் போகிறது?

"நான் சாகேல்லை," என்றார் கனகசபை.

அதைவிடத் தெளிவாக அவருக்கு ஒன்றும் வாயில் வரவில்லை.

சின்னமணி திரும்பிப் பார்த்தாள், வாய் திறந்தபடி நின்றது, பிறகு அழுகையை விடவும் பலத்த சத்தத்தில் ஏச்சு வந்தது. "அப்ப ஏன் பார்வைக்கு வைக்கிறம் எண்டு போட்டனீங்கள்? ஆரை வைக்கிறியள்?"

"வீட்டை," என்றாள் யோகமலர்.

போன் கைக்குக் கை மாறியது. வாசித்தவர்கள் ஒவ்வொருவராக விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்காத ஒரே ஆள் வாசல் நிலையோடு சாய்ந்து நின்ற மகேந்திரராசா. கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. கனகசபை அவனைப் பார்த்தார். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சின்னமணி அதோடு விடவில்லை. உயிரோடு இருக்கிற மனுசனின் வீட்டில் வெள்ளை விரித்து நிலத்தில் இருந்து அழுதாயிற்று. இது எவ்வளவு தரித்திரம். "கழட்டுங்கோ உந்த வெள்ளையை. சாமான் எங்க?"

"கராஜுக்குள்ள," என்றாள் யோகமலர், ஏழு மாதத்தில் முதல்முறையாக முகம் மலர்ந்து.

பத்து நிமிடம் கூட ஆகவில்லை. புல்வெளியில் நின்ற ஆண்கள் செற்றியைத் தூக்கி வந்தார்கள், சோகேசைத் தள்ளி வந்தார்கள். மயில் திரைச்சீலை ஏறியது. பெண்கள் அன்னங்களைத் துடைத்து அடுக்கினார்கள். லில்லியைக் கொண்டுபோய் வெளியே எறிந்தார்கள். கமிலா, "ஒரு மணிக்கு ஆக்கள் வருகினம், ஒரு மணிக்கு," என்று ஒவ்வொருவருக்கும் பின்னால் ஓடினாள். அவளுடைய கையில் யாரோ ஒரு வடையைத் திணித்தார்கள்.

கனகசபை படியில் இருந்துவிட்டார். கடைசி ஞாயிறு. யோகமலரின் முழங்காலும் பேத்தியின் கேள்வியும் இந்தக் கூத்தோடு சரி. போங்கோ எல்லாரும் என்று சொல்ல வாயெடுத்தார். தன்னுடைய சாவுக்கு வந்தவர்களை எப்படிப் போகச் சொல்வது என்று தெரியவில்லை.

சரியாக ஒரு மணிக்கு இரண்டு பேர் வந்தார்கள். சிவந்த தாடிக்காரன் ஒருவன், கூட வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி. வாசலிலேயே நின்று பார்த்தார்கள். செற்றியில் ஏழு பேர், தேத்தண்ணி, சிரிப்பு, கண்ணாடி அன்னங்களில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம்.

அந்தப் பெண் கணவனின் கையைப் பிடித்தாள். கனகசபை மனதுக்குள் கும்பிட்டார். ஸ்பென்னன என்று சொல்லிவிடாதே தாயே.

"நல்லாயிருக்கு," என்றாள் அவள்.

இதோடு இருபது வீடு பார்த்துவிட்டார்களாம். இருபதும் ஒரே வெள்ளை, ஒரே மெழுகுவர்த்தி, ஒரே லில்லி. எந்த வீட்டில் எதைப் பார்த்தோம் என்றே ஞாபகமில்லையாம். வெள்ளையின் காலம் முடிந்ததாம், இப்போது எல்லோரும் நிறத்துக்குத்தான் திரும்புகிறார்களாம். தாடிக்காரன் வெல்வெட்டைத் தடவிப் பார்த்து, இந்தச் செற்றியையும் வீட்டோடு தருவீர்களா என்று கேட்டான். வருடக்கணக்காய்ப் பின்னால் ஓடிக் களைத்து, போதும் என்று ஓரிடத்தில் இருந்துவிட்ட மனிதனை நாகரிகம் சுற்றி வந்து பிடித்துவிட்டது. கனகசபை அன்றைக்குத்தான் முதன்முதலாக முன்னுக்கு நின்றார்.

கமிலா இருவரோடும் குசினிக்குள் போய்க் கதைத்துவிட்டு வந்தாள். நாளைக் காலை கையெழுத்து. அவளுக்கே நம்ப முடியவில்லை. இரண்டாவது வடையை அவளாகவே எடுத்துக் கடித்தாள்.

"என்னவாம்?" என்றாள் சின்னமணி.

"வித்துப்போச்சு," என்றாள் யோகமலர். "வாற மாசம் போறம்."

கைதட்டினார்கள். பிறகு கைதட்டல் ஒவ்வொன்றாய் நின்றது. சின்னமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முதல் அழுத அழுகைக்குச் சத்தம் இருந்தது, இதற்கு இல்லை. இந்தமுறை அவளை ஒருவரும் தடுக்கவுமில்லை, சிரிக்கவுமில்லை.

மகேந்திரராசா சப்பாத்து மலைக்குள் தன்னுடையதைத் தேடிக்கொண்டிருந்தான். கனகசபை அவனுக்குப் பின்னால் போய் நின்றார். அவனுடைய கோட்டுப் பையில் மடித்த தாள் ஒன்று தெரிந்தது.

"உதென்ன?"

"ஒண்டுமில்லை." பதினொரு வருடத்தில் அவன் அவருக்குச் சொன்ன முதல் சொல் அது.

"எனக்கு எழுதினதோ?"

"ஓம். ஆரும் ரெண்டு வார்த்தை பேச வேணும்தானே."

"வாசியன்."

"உயிரோட நிக்கிறவனுக்கு முன்னால வாசிக்கேலாது. நல்லதாய் எழுதிப்போட்டன்."

கனகசபைக்குச் சிரிப்பு வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது, அதை அடக்கிக்கொண்டார். "புரொண்பி மூண்டு மணித்தியாலம் மச்சான். அங்க வந்தோ வாசிக்கப் போறாய்?"

மகேந்திரராசா சப்பாத்தைக் கீழே போட்டான். தாளை விரித்தான். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமி, மேடையில் நிற்பது போல நிமிர்ந்து வாசிக்கத் தொடங்கினான்.

"எங்களை விட்டுப் பிரிந்து சென்ற..."

அவனால் அதற்கு மேல் போக முடியவில்லை.

"பிழையில்லை," என்றார் கனகசபை. "சரியாத்தான் எழுதியிருக்கிறாய். மிச்சத்தையும் வாசி."