புயல் வீட்டின் பூட்டு

1

மதிப்பிற்குரிய வாசகருக்கு வணக்கம். இக்கதை எனக்குச் சொந்தமானதன்று என்பதை முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன். எங்கள் தேவாலயத்தின் நிலவறையில், ஓர் இறுதிச் சடங்கு விருந்துக்காக ஹாம் சாண்ட்விச் அடுக்கிக்கொண்டிருந்தபோது லொரெய்ன் பாக்கி என்ற எங்கள் ஊர்ப் பெண்மணி சொன்னது. முட்டை விலையைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். வீடு திரும்பும் வழியில் நான் வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று. இதற்குமுன் நான் எதையும் எழுதியதில்லை. பிழையிருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

தொடக்கத்தை எழுதிப் பார்த்தேன்.

"தோர்வால் ஊரில் அன்று காலை வானம் தெளிந்து..." (பனிப்புயல் கதைகள் அனைத்தும் இப்படித்தான் தொடங்குகின்றன. விட்டுவிட்டேன்.)

"ரெனாட்டா கோவலிக் ஒரு நல்ல தாய்." (முதல் வரியிலேயே இப்படிச் சொன்னால் எவரும் சந்தேகப்படுவார்கள்.)

"ரெனாட்டா கதவைப் பூட்டினாள்."

இதுதான் சரியென்று தோன்றுகிறது. எனினும், தங்கள் அனுமதியுடன், அதற்குச் சற்று முன்னிருந்து தொடங்குகிறேன்.

2

ரெனாட்டா சிகாகோவில் வளர்ந்தவள். கணவன் ட்ராவிஸுக்குத் தானியக் கூட்டுறவில் வேலை கிடைத்ததால், இரு மகன்களோடு மினசோட்டாவின் இந்த மேற்கு மூலைக்கு வந்தாள். ஊரார் கையசைத்தார்கள், கேக் கொண்டுவந்து கொடுத்தார்கள், ஆனாலும் வழி சொல்லும்போது அவள் வீட்டை "நெல்சன் வீடு" என்றே சொன்னார்கள். முன்பு அங்கே குடியிருந்த நெல்சன் இறந்து பல காலமாகிறது. மகன்கள் அதற்குள் "நம்ம ஊரு" என்று பேசப் பழகிவிட்டார்கள். அவளுக்கு மட்டும் அந்தச் சொல் வாயில் வரவில்லை.

மூன்றாம் இலையுதிர் காலத்தில் பள்ளியிலிருந்து கேட்டார்கள்: புயல் வீடாக இருக்கச் சம்மதமா? பனிப்புயலில் சாலை மூடிவிட்டால் பண்ணைப் பிள்ளைகள் வீடு திரும்ப இயலாது. ஆகவே ஒவ்வொருவருக்கும் ஊருக்குள் ஒரு வீடு முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். ரெனாட்டாவுக்கு வந்தவள் லொரெய்னின் மகள் பிரிட்டா, இரண்டாம் வகுப்பு.

"நம்மள நம்பி ஒரு கொழந்தைய ஒப்படைக்கிறாங்க," என்றாள் ரெனாட்டா.

"புயல் வந்தாத்தானே. வராமலே போகலாம்," என்றான் ட்ராவிஸ்.

"வந்தா நல்லாருக்கும்னு தோணுது."

"அத வெளிய போய்ச் சொல்லி வைக்காத."

அவள் புதுப் பல்துலக்கி ஒன்று வாங்கிக் குளியலறையில் வைத்தாள்.

3

ஜனவரியில், ஒரு பிற்பகலில், புயல் வந்தது. பள்ளி முன்கூட்டியே விடுவதாக வானொலியில் அறிவித்தார்கள். மகன்களையும் பிரிட்டாவையும் அழைத்துவர ரெனாட்டா இரண்டு தெரு நடந்தாள். போகும்போது

[இந்த இடத்தில் பூட்டை நீக்கியிருந்தேன். காற்றில் கதவு தானாக இறுகிக்கொண்டது என்று எழுதி, ரெனாட்டா அம்மையாருக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன்.

"பூட்டு எங்க?" என்றார்.

"எடுத்துட்டேங்க. படிக்கிறவங்க உங்களத் தப்பா நெனச்சிடுவாங்களேன்னு..."

"நெனச்சுக்கட்டும். திரும்பப் போடுங்க. இல்லன்னா அந்தப் பொண்ணு நின்னதுக்கு அர்த்தமே இல்லாமப் போயிடும்."

போட்டுவிட்டேன்.]

போகும்போது, சிகாகோவில் கை பழகிய பழக்கத்தில், கதவைப் பூட்டினாள்.

4

அதே நேரத்தில் மற்றொரு தெரு வழியாக ஆசிரியை பிரிட்டாவை அழைத்துவந்து, ரெனாட்டா வீட்டுப் படியில் விட்டுச் சென்றார். அவர் கையில் இன்னும் சில பிள்ளைகள் இருந்தார்கள். கதவு திறப்பதைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பது தோர்வாலில் எவருக்கும் தோன்றாது. இங்கே யாரும் கதவைப் பூட்டுவதில்லை.

பள்ளி வாசலில் ரெனாட்டா கேட்டாள்: "பிரிட்டா எங்க?"

"உங்க வீட்டுலதான். அப்பவே கூட்டிட்டுப் போயாச்சே," என்றார் அங்கு நின்ற இன்னோர் ஆசிரியர்.

மேலங்கிப் பையில் சாவி அவள் விரலில் பட்டது.

வெளியே தெரு இல்லை. வேலியைக் கையால் தடவிக்கொண்டு, மகன்களைக் கழுத்துத் துணியால் தன்னோடு கட்டிக்கொண்டு நடந்தாள். தன் கையே அவளுக்குத் தெரியவில்லை. அந்த வெண்மை ஒரு

(உவமை தேடினேன். கிடைக்கவில்லை. இவ்வூரில் பிறந்து வளர்ந்த எனக்கே கிடைக்கவில்லை. அதன்முன் வாய்மூடி நிற்பதே மரியாதை என்று விட்டுவிடுகிறேன்.)

5

எங்கள் வீடுகளில் மரக்கதவுக்கு வெளியே, காற்றைத் தடுக்க, கண்ணாடிக் கதவு ஒன்று உண்டு. அதற்குப் பூட்டில்லை. இரண்டுக்கும் இடையே ஒரு சாண் இடமிருக்கும்.

ரெனாட்டா கண்ணாடிக் கதவை இழுத்தாள். அந்த ஒரு சாணிலிருந்து ஒரு குழந்தை அவள்மேல் சரிந்தது. இமையெல்லாம் பனி.

"பூட்டியிருந்துச்சு," என்றாள் பிரிட்டா, குற்றம் சாட்டாமல். "எங்க வீட்டுல கிறிஸ்துமஸ் பரிசு சுத்துறப்ப மட்டும்தான் பூட்டுவாங்க. உள்ள ஏதோ ரகசியமா செய்றீங்கன்னு நெனச்சேன். அதான் தட்டல."

(இவ்வரியை நான் இயற்றவில்லை. இயற்ற எனக்கு வராது.)

சிறுமியின் இரண்டு விரல்நுனிகள் மெழுகாக வெளுத்திருந்தன. வெதுவெதுப்பான நீரில் அவற்றைப் பிடித்துக்கொண்டு, நிறம் திரும்பும்வரை ரெனாட்டா தரையில் மண்டியிட்டிருந்தாள். ஒரு நுனியில் உணர்ச்சி திரும்பவேயில்லை.

பிறகு லொரெய்னைத் தொலைபேசியில் அழைத்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

"சாப்பிட்டாளா?" என்றாள் லொரெய்ன்.

"ரெண்டு கிண்ணம் சூப்பு."

"சரி. தூங்கச் சொல்லுங்க."

6

"போயிடலாம், ட்ராவிஸ். இந்த ஊரு மூஞ்சியில முழிக்க முடியாது," என்று ரெனாட்டா வசந்தம் முழுதும் சொன்னாள். கோடையில் ட்ராவிஸ் சிகாகோவில் ஒரு வேலை தேடிப் பிடித்துவிட்டான். சாமான் கட்டப் பெட்டிகள் வந்தன. இலையுதிர் காலத்தில், மளிகைக் கடையில், வெங்காயத்தருகே லொரெய்ன் அவளை மறித்தாள்.

"இந்த வருஷமும் பிரிட்டாவுக்கு உன் வீடுதான். பள்ளிக்கூடத்துல சொல்லிட்டேன்."

ரெனாட்டா கூடையைத் தரையில் வைத்தாள்.

"வேற வீடுன்னா போக மாட்டாளாம். அப்படி என்னத்தப் போட்ட அந்த சூப்புல?"

"டப்பா சூப்பு, லொரெய்ன்."

"அத அவகிட்ட சொல்லிடாத." வெங்காயத்தை எடுத்துக்கொண்டு லொரெய்ன் போய்விட்டாள்.

வாசகரே, வண்டியை நான் நிறுத்தியது இந்த இடத்துக்காகத்தான். உணர்ச்சி திரும்பாத விரலோடு, அதே பெண்ணை, அதே கதவுக்கு ஒருவர் மறுபடி அனுப்புகிறார். அதை விளக்க நான் எழுதிய பத்திகளை எல்லாம் அடித்துவிட்டேன்.

7

முடிவுகள் சில எழுதினேன். ஒன்றில் அவர்கள் போய்விடுகிறார்கள். ஒன்றில் ட்ராவிஸ் பூட்டைக் கழற்றிக் குப்பையில் எறிகிறான். (பொய்யாகப்பட்டது.) நடந்தது எது என எனக்குத் தெரியும், இவ்வூர்க்காரர் எல்லோருக்கும் தெரியும். சொல்லாமைக்கு மன்னிக்க வேண்டுகிறேன்.

அடுத்த பனிப்புயல் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்புறம் பெட்டிகள் பாதி கட்டிய நிலையில் இருக்கின்றன, அல்லது இல்லை. யாரோ ஒரு சிறுமியைப் படியில் விட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் போகிறார். அவள் இடத்தில் நின்று, கண்ணாடிக் கதவைத் தாங்கள் திறந்துவிட்டீர்கள். மரக்கதவு சாத்தியிருக்கிறது; பூட்டியிருக்கிறதா என்று பார்த்தால் தெரியாது.

பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்: தள்ளிப் பாருங்கள்.