இரும்புத்தோள் விழும் பக்கம்

மே 14, வியாழன். நேற்று வலி மருந்து கொடுத்தது ஆறரைக்கு என்று எழுதியிருக்கிறேன். தவறு. ஏழு மணிக்கு.

தங்கை இதை எழுதி முடிப்பதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"ஏய் வாலு, பேனாவை வை. பாலத்துக்கிட்ட கதையை விட்டுட்டு டைரிக்குப் போயிட்ட."

அண்ணனுக்குப் பார்வை போய் ஒரு வாரமாகிறது. மூளையில் வளர்ந்த கட்டி கண்ணையும் விட்டுவைக்கவில்லை. அலமாரிக்குப் பின்னால் கிடந்த பழைய காமிக்ஸை அம்மாதான் தூசி தட்டிக் கொடுத்தாள். ஊரைக் காக்கும் ஐந்து வீரர்கள், கடலிலிருந்து எழும் மலைத்தேரை போன்ற ராட்சத மிருகங்கள். சின்ன வயதில் மிருகங்களின் குரலெல்லாம் அவனுடையது. ஐந்து வீரர்களும் அவள். இப்போது இரண்டு தரப்புக்கும் அவளே கத்த வேண்டியிருந்தது.

"க்ர்ர்ராவ்!"

"இதுவா மலைத்தேரை? சளி பிடிச்ச ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கு."

அவள் அடுத்த கட்டத்துக்குப் போனாள். இடியும் பாலத்தை ஐந்து வீரர்களில் ஒருவனான இரும்புத்தோள் முதுகால் முட்டுக்கொடுத்து நின்றான். "மக்களே, விரைந்து செல்லுங்கள்! இதை நான் தாங்குகிறேன்!"

"பாலமே தலைமேல கெடக்கு, இலக்கணம் பிசகாம பேசுறான் பாரு." அண்ணனின் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அடுத்த பக்கம் அவளுக்குத் தெரியும். தேரையின் பாதம் இறங்கும். பக்கம் முழுக்கக் கறுப்பு. ஓரத்தில் ஒரு கை மட்டும். அவள் சத்தமில்லாமல் இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டினாள்.

"தேரை கடலுக்கே ஓடிடுச்சு. ஊரே கைதட்டுது."

"ஒரு பக்கம் தாண்டிட்ட."

"இல்லண்ணா."

"கரையில எத்தனை பேரு நிக்கிறாங்க?"

படத்தில் நான்கு பேர் நின்றார்கள்.

"அஞ்சு" என்றாள்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. மருத்துவமனை வராந்தாவில் டாக்டர் கையை விரித்த அன்று, அம்மா அவள் கையைத் தன் தலைமேல் வைத்து, "அவன் காதுல விழக் கூடாது. என்மேல சத்தியம்" என்றிருந்தாள்.

"மத்த நாலு பேருக்கும் தெரிஞ்சிருக்கு" என்றான் அண்ணன் மெதுவாக. "அவனுக்கு மட்டும் தெரியக் கூடாதா?"

அவள் தாளைத் திருப்பினாள். ஒரு சொல் விடாமல் படித்தாள். பாதம் இறங்கும் ஓசை வந்த இடத்தில் புத்தகத்தை மடியில் இறக்கி வைத்தாள். அவன் அவசரப்படுத்தவில்லை. பிறகு அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"இப்பதான் தேரை தேரையா இருக்கு" என்றான்.

மறுநாள் பொழுது விடியும்போது அவன் இல்லை.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலையத் தொடங்கியபோது, எதிர்வீட்டு அக்கா அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பொழைக்க மாட்டோம்னு புள்ளைக்குத் தெரியுமாம்மா?"

"ம்ஹூம். கடைசி வரைக்கும் தெரியாது. அந்த ஒரு நிம்மதியைத்தான் என்னால அவனுக்குக் குடுக்க முடிஞ்சுது." அம்மா நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். "இல்லடி?"

"ஆமாம்மா."

அவள் உள்ளே போய் ஜன்னலைத் திறந்தாள். வாடகைக் கட்டிலை எடுத்துப்போக நாளை காலை பத்து மணிக்கு ஆள் வருவான். அதற்குள் மெத்தை உறையைக் கழற்றித் துவைத்து உலர்த்த வேண்டும்.